ஊர் வாயை மூடியவன்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடினேன். மேலகரத்தில் எங்கள் தெருவின் வாயை, சாரல் தொடங்கியதிலிருந்து புரட்டாசி வரைக்கும், ஒருத்தர் பாக்கியில்லாமல் மூடி வைத்திருந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் முழுக்கச் சொன்னால் பெருமைக்கு இடமிருக்காது. நான் சொல்லாமல் விட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அது இன்னும் மோசமாக இருக்கும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் பல வருடம் கணக்குப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியில் சமையலறையோடு இரண்டு அறை கட்டி, குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். இதை லாட்ஜ் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். லாட்ஜ் வேண்டுமென்றால் குற்றாலத்தில் அருவிக்கரை வரைக்கும் இருக்கிறது, அங்கே போகட்டும். என்னிடம் கிடைப்பது கிராம வாழ்க்கை. இணையத்தில் அப்படித்தான் விளம்பரம் போட்டிருக்கிறேன். மேலகரம் பேரூராட்சி, வாசலில் இறங்கி நின்றால் தென்காசி பஸ்ஸும் குற்றாலம் பஸ்ஸும் மாறி மாறி வரும் என்பதெல்லாம் உண்மைதான். பேரூராட்சி வாழ்க்கையை அனுபவிக்க வாருங்கள் என்று போட்டால் எவன் வருவான்?

வருகிறவர்களைச் சாயங்காலம் உட்காரவைத்து, டீ கொடுத்து, கிராமத்தைப் பற்றிக் கொஞ்சம் எடுத்துச் சொல்வேன். என் மனைவி அதற்குப் பிரசங்கம் என்று பெயர் வைத்திருக்கிறாள். குளத்துத் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஏன் பட்டாளத்தில் இருப்பவன்கூட லீவு போட்டு வருகிறான், இதெல்லாம் அதில் வரும். முக்கியமான பகுதி, கேள்வி கேட்பதைப் பற்றியது. "வழியில் பார்க்கிறவர்கள் எங்க போறிய என்பார்கள். அது கேள்வி இல்லை, வணக்கம். சும்மா இங்கனதான் என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும். இங்கே கேள்வி கேட்பதுதான் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கிற வலை" என்று கையை விரித்துக் காட்டுவேன். கையை விரிக்கும் இடத்தில் என் மனைவி அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பிரசங்கம் பலருக்கும் பயன்பட்டிருக்கிறது. பயன்படாதவர்களும் உண்டு. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் நான் சொன்னதைப் பாதிதான் கேட்டான் போல. காலையில் ஐந்தருவிக்குப் போகிறேன் என்று கிளம்பியவன், எங்க போறிய என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் நின்று, போனில் வரைபடத்தைத் திறந்து, அன்றைய திட்டம் முழுவதையும் விளக்கியிருக்கிறான். அவன் பஸ் ஏறும்போது உச்சி வெயில் வந்துவிட்டது. தெருவில் எல்லாருக்கும் அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி. கெடுத்தது அவர்கள்கூட இல்லை, எதிர்வீட்டு ஏட்டம்மா. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவளுடைய புருஷன்தான், ஆனால் விசாரணை செய்கிறவள் எப்போதும் அவள். அந்தச் சென்னைப் பெண் பஸ்ஸுக்கு நின்ற கொஞ்ச நேரத்தில், கல்யாணமாகி எத்தனை வருஷம், இன்னும் விசேஷம் இல்லையா, டாக்டரிடம் காட்டினார்களா, கோளாறு உனக்கா அவருக்கா என்பது வரைக்கும் போய்விட்டாள். மறுநாளே அவர்கள் காலிசெய்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் இணையத்தில் எழுதினார்கள்: இடம் அழகு, சாப்பாடு அருமை, ஆனால் இங்குள்ள மனிதர்கள் யாரையும் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு.

நான் ஏட்டம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் நிலைப்படியில் நின்றுகொண்டு, "நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? புளியரைப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு, நம்ம பெரியவ அவருட்ட மருந்து சாப்பிட்டுத்தான் பிள்ளை பெத்தா. சொல்லலாம்னுதான் கேட்டேன்" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனதை நானும் பார்த்தேன். அது தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணுக்காக வந்தது இல்லை, அந்த இரண்டு நட்சத்திரத்துக்காக வந்தது. அதைத் தெரு முழுக்கக் காட்டி, நம்ம தெரு மானம் போச்சு என்று புலம்பினேன்.

இந்த எரிச்சல் ஆறுவதற்குள் அடுத்த சீசன் வந்துவிட்டது. ஆனி மாதம், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பெரியவர் பிறந்து வளர்ந்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாம் நாக்பூரில். மகள் பூனாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். பெரியவரின் மனைவி போன வருடம் இறந்துவிட்டார். அதிலிருந்து அவர் பேசுவதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. போட்டதைச் சாப்பிடுவார், ம் என்பார், சரி என்பார், அதோடு முடிந்தது. மகள் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டு டாக்டர், கோயில் என்று சுற்றிக் கடைசியில் இங்கே கூட்டிவந்திருந்தாள்.

வந்த மறுநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த அந்தப் பெண், ஈரத்தலையோடு என் மனைவியிடம் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, அருவியிலிருந்து வெளியே வந்து, பல்லெல்லாம் தந்தியடிக்குதுன்னு அப்பா சொன்னாரு. அவராச் சொன்னாரு." பிள்ளை முதல் வார்த்தை பேசியதைச் சொல்கிற தாயைப்போல அவள் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் தீபாவளி வரைக்கும் அனுமதி இருக்கிறது, அதுவரை இங்கேயே இருக்கிறோம் என்றாள். நான் சந்தோஷமாக மாடியைக் கொடுத்தேன்.

அப்போது அவள் கேட்டாள். "இங்க இருக்கவங்க எப்படி, அங்கிள்? நல்லாப் பேசுவாங்களா?"

எனக்கு உடனே அந்த இரண்டு நட்சத்திரம்தான் கண்முன் வந்தது. பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "கவலையே படாதம்மா. ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டாங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனேன். மாடிக்கு வந்திருப்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அவர்கள் நகரத்து ஆட்கள், அவர்களுக்குத் தனிமை வேண்டும் என்று சொன்னேன். முக்கியமாக அந்த அம்மா இறந்ததைப் பற்றி ஒரு மூச்சு விடக் கூடாது என்றேன். ஏட்டம்மாவுக்கு மட்டும் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது.

"சாப்டாச்சான்னு கேக்கலாம்லா?"

"கூடாது."

"எங்க போறியன்னு?"

"கூடவே கூடாது."

"பின்ன, எதுத்தாப்புல வந்தா என்னதான் செய்ய?"

"சிரிங்க."

"ஒரு வார்த்தை பேசாம வெறுமன சிரிச்சா, கிறுக்கின்னு நெனைக்க மாட்டாவளா?" என்றாள் ஏட்டம்மா. இந்தச் சந்தேகத்தை நான் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எங்கள் தெருக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் கேட்கமாட்டார்கள். சாக்கடையில் குப்பை போடாதே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். மானம் போச்சு என்று நான் போட்ட சத்தம் வேலை செய்துவிட்டது.

முனைக் கடையில் டீ போடுகிறவர் என் பேச்சை எல்லாரையும்விட அதிகமாகக் கடைப்பிடித்தார். பெரியவர் தினமும் காலையில் அங்கே போய் உட்காருவார். சீனி எவ்வளவு போடட்டும் என்பதும் கேள்விதானே என்று கடைக்காரர் அதையும் கேட்கவில்லை. ஒரு நாள் பாயசம் மாதிரி டீ வரும், மறுநாள் கஷாயம் மாதிரி வரும். பெரியவரும் இரண்டையும் ஒரே முகத்தோடு குடித்துவிட்டு எழுந்து வருவார். பேப்பர் படித்துக்கொண்டு சத்தமாக அரசியல் பேசுகிற ஆட்கள், அவர் தலை தெரிந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாலையைப் பார்ப்பார்கள்.

ஏட்டம்மா பாடுதான் பரிதாபம். அந்தப் பெண் படியிறங்குகிற சத்தம் கேட்டால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். "அங்கன நின்னம்னா கேட்டுருவேன், அண்ணாச்சி. நாக்கு அரிக்கி" என்று என்னிடம் சொன்னாள். நான் அவளைப் பாராட்டினேன்.

அடைத்த தண்ணீர் வேறு வழியில் வரத்தானே செய்யும்? அவர்களிடம் கேட்க முடியாத எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை, அவர்கள் என்ன ஆட்கள், பெரியவர் ஏன் பேசுவதில்லை, ராத்திரி சோறா சப்பாத்தியா? அந்தப் பெண் அவளாகச் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றுமே தெரியாது. நானும் கேட்டதில்லை, நான்தானே சட்டம் போட்டவன். ஆனால் தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. விருந்தாளிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்ற பெயரை எப்படி விடுவது? அதனால் சந்தர்ப்பத்துக்கு ஏற்ப அடித்துவிட்டேன். ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்தவர் என்றேன். ஏன் பேசுவதில்லை என்று டீக்கடைக்காரர் மூன்றாம் முறையாகக் கேட்டபோது, அந்த அம்மா இறந்த பேச்சையே எடுக்கக் கூடாது என்று நானே சொல்லியிருந்ததால், இருதயத்தில் கோளாறு, டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி.

"பாத்தாலே தெரியுதுல்லா."

"உங்களப் பாத்தாலும் பல விஷயம் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இருதயம் என்ற வார்த்தை போனதும் தெரு இன்னும் அடங்கிவிட்டது. பைக்கில் வருகிறவர்கள் ஹாரன் அடிக்காமல் போனார்கள். கொடையின்போது எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயைக் கழற்றி வயல்பக்கம் திருப்பிக் கட்டினார்கள். ஆண்டாண்டாக அந்தக் குழாயைத் திருப்பச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன், ஒருத்தன் கேட்டதில்லை. மாடி வராந்தாவில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் ஒருத்தரும் நிமிர்ந்து அவரைப் பார்க்கமாட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மனிதன் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். விளம்பரத்தில் 'தனிமைக்கு உத்தரவாதம்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

புரட்டாசியில் ஒரு காலை, நானும் என் மனைவியும் முற்றத்தில் இருந்தோம். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நான் அவள் உருவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இறங்கி வந்தாள்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களே, அங்கிள்? இந்தத் தெருவுல எங்களை ஏன் யாருக்கும் பிடிக்கலை?"

அவள் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனாள். "எதிர்வீட்டு ஆன்ட்டி என்னைப் பார்த்தாலே உள்ள ஓடிடறாங்க. டீக்கடையில அப்பா போனா எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க. நாங்க என்ன ஜாதியோன்னு பார்க்கறாங்களா? இல்ல, அப்பாவைப் பைத்தியம்னு நினைக்கறாங்களா? நாலு பேர் போறப்ப வர்றப்ப பேச்சுக் குடுத்தா, அப்பாவும் மெல்லப் பேச ஆரம்பிப்பாருன்னுதான் இங்க தங்கினேன். பூனாவுல பக்கத்து ஃப்ளாட்டுல யார் இருக்காங்கன்னே தெரியாது. இங்க அதைவிட மோசமா இருக்கு."

தீபாவளிக்கு அப்புறம் அவள் ஆபீஸுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பகல் முழுக்க அவரைப் பூட்டிய ஃப்ளாட்டில் தனியாக விட முடியாது. கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறாள், அறை ஒதுக்கிவிட்டார்கள். "அங்கயாவது பேச்சுத்துணை இருக்கும்ல" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

என் மனைவி கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் செய்திருக்க வேண்டியது, அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்வது. நான் சொன்னது என்னவென்றால், "கிராமத்து ஜனங்க கொஞ்சம் கூச்ச சுபாவம், ம்மா." ஏட்டம்மா இருக்கிற தெருவைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என் மனைவி வாயைத் திறந்தாள். "பாலு பொங்குது பாரு" என்றேன். அடுப்பில் பாலே இல்லை.

அந்தப் பெண் மேலே போனதும் என் மனைவி சொன்னாள். "அந்தப் பெரியவர நம்ம தெருவே சேந்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போகுது. இன்னைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லைன்னா நான் மேல போய்ச் சொல்லிருவேன்."

மறுபடியும் வீடு வீடாகப் போனேன். சட்டம் வாபஸ், இனிமேல் கேளுங்கள் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. "நேத்து வரைக்கும் வாயத் தொறக்காதங்கிய, இன்னைக்குத் தொறங்கிய. நாங்க என்ன குழாயா?" என்றார் டீக்கடைக்காரர். ஏட்டம்மாவுக்கோ பயம். "என்ன கேக்கணும்னு நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி. நான் பாட்டுக்கு ஏதாவது கேட்டு, அவருக்கு நெஞ்சடைச்சுட்டா?"

எப்படியோ ஒரு கூட்டத்தைத் திரட்டிச் சாயங்காலம் மாடிக்குக் கூட்டிப்போனேன். இருதய நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்பதால் ஆரஞ்சுப்பழமும் ரொட்டியும் வாங்கி வந்திருந்தார்கள். பெரியவரைச் சுற்றி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் தொண்டையைக் கனைத்துக் கனைத்து ஏட்டம்மாவைப் பார்த்தேன். எத்தனையோ நாள் கேள்வியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்த அந்த மனுஷி, கடைசியில் மிகவும் மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுதியளா?"

பெரியவர் அவளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "என்ன மாத்திரை?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் ஆரஞ்சுப்பழத்தைப் பார்த்தேன்.

கூட்டம் இறங்கிப் போனபிறகு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். இரண்டு நட்சத்திரம், சட்டம், இருதயம், எல்லாம். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்ல எண்ணத்துலதானே செஞ்சீங்க" என்றாள். "ஆனா அங்க ரூம் சொல்லியாச்சு, அங்கிள். அம்மா விஷயத்தை யாரும் கேட்க வேண்டாம்னு சொன்னீங்களே, அது மட்டும் சரிதான். நானே அதை அப்பாகிட்ட பேசறதில்லை. உடைஞ்சிடுவாரு." நான் செய்ததில் ஒன்றாவது சரியாக இருந்ததே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது.

பிறகு வந்த நாட்களில் தெரு மெல்லப் பழைய நிலைக்கு வரப் பார்த்தது, ஆனால் பேச்சு ஒட்டவில்லை. பெரியவர் கோயம்புத்தூர் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. போகிறவரிடம் என்ன கேட்பது என்று விலகிக்கொண்டார்கள். அந்தப் பெண் ஒரு நாள் காலை, அப்பாவுக்குப் பெட்டி வாங்கத் தென்காசிக்குப் போனாள். பெரியவர் கீழே எங்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனையில் காவல் இருந்தேன்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு பாய் வந்தார். பின்தெருவில் அவர் வீடு. அவர் சவூதியில், தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தால் மறுநாளே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கிப் பேரீச்சம்பழமும் தைலமும் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்குத் தெருவில் நான் சட்டம் போட்டதும் தெரியாது, வாபஸ் வாங்கியதும் தெரியாது, இந்த மனிதர் நேற்று ராத்திரிதான் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியிருக்கிறார்.

பாய் எனக்கு ஒரு பாட்டில் தைலத்தைக் கொடுத்தார். பெரியவர் கையில் பேரீச்சம்பழத்தை வைத்தார். இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் முழங்காலை இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயாவுக்கு எந்தூரு?"

"நாக்பூர்."

"அங்கன என்ன தொழிலு?"

"ரயில்வே."

"பிள்ளைய?"

"ஒரு பொண்ணு."

நான் பாய்க்கு நேராக, பெரியவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, போதும் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். பாய் என்னை அக்கறையாகப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கையில சுளுக்கா? இப்பம் குடுத்தம்லா தைலம், தேயுங்க" என்றவர், பெரியவர் பக்கம் திரும்பினார்.

"வீட்ல அம்மா வரலியா?"

"இறந்துட்டா."

"எப்பம்?"

"போன வருஷம்."

"என்ன செஞ்சுது?"

நான் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். இனி ஆட்டி என்ன? பெரியவர் கையிலிருந்த பேரீச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்துவிடுவார் என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்து, உள்ளே ஓடி என் மனைவியைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அப்போது அவர் பேசினார்.

"சமையல்கட்டிலேருந்து கூப்பிட்டா. காலை நேரம். நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். எப்பவும் கூப்பிடற மாதிரிதான் இருந்தது. பால் பாத்திரம் எடுக்கணும், கேஸ் மாத்தணும், ஏதாவது இருக்கும். வர்றேன்னேன். அந்தப் பக்கத்தை முடிச்சிட்டு எழுந்து போனேன். கீழே கிடந்தா." பேரீச்சம்பழத்தை நாற்காலிக் கையில் வைத்தார். "எப்பவும் ரெண்டு தடவை கூப்பிடுவா. அன்னைக்கு ரெண்டாவது தடவை கூப்பிடலை."

அவரே மறுபடியும், "என்ன ஆச்சுன்னு என்னை யாரும் கேட்கலை. ஹார்ட் அட்டாக்னு அவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க" என்றார்.

பாய் ஆறுதல் சொல்கிற குரலில் எதுவும் சொல்லவில்லை. கோபமாகச் சொல்வதுபோலச் சொன்னார். "ஒரு சத்தத்துக்கு எவன் ஐயா எந்திச்சிருக்கான்? எங்க வீட்டுல நாலாவது சத்தத்துக்குத்தான் நான் எந்திப்பேன். உலகத்துல அம்புட்டு ஆம்பளையும் அப்படித்தான்." பெரியவர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. பாய், "எங்க உம்மா மௌத்தானப்பம் நான் அங்கனதான் இருந்தேன். லீவு கிடைக்கல. அடக்கம் பண்ணுனத வீடியோவுலதான் பாத்தேன்" என்றார்.

பெரியவர் நிமிர்ந்தார். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "என்ன ஆச்சு அம்மாவுக்கு?" என்று கேட்டார்.

தம்மாமிலிருந்து வந்த மனிதர் ஊருக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுக்க வேண்டியதை மறந்துவிட்டு, தன் உம்மாவின் கடைசி நாட்களைச் சொல்ல ஆரம்பித்தார். பெரியவர் நடுநடுவே கேட்டார். அப்போது யார் பக்கத்தில் இருந்தது, உங்களைத் தேடினார்களா, நீங்கள் அங்கே அன்றைக்குச் சாப்பிட்டீர்களா? நாக்பூரில் பிறந்து வளர்ந்தவர் எங்கள் தெருக்காரர் மாதிரியே கேட்டார். நான் தைலப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் புதுப் பெட்டியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் அவளிடம் போனேன். "ஒரு வருஷமா நான் இதைக் கேட்கலை, அங்கிள்" என்றாள். "கேட்டா தாங்க மாட்டாருன்னு நினைச்சேன்." இந்தத் தவறில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது பற்றி இம்முறை எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிவந்தேன்.

சாயங்காலம் கீழே வந்து, கோயம்புத்தூருக்குப் போன் பண்ணி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், இங்கேயே இருக்கிறேன் என்றாராம். ஆனாலும் அவளுக்குக் கலக்கம் போகவில்லை.

"நான் பூனா போயிட்டா அப்பா தனியா இருப்பாரே, ஆன்ட்டி."

நான் கையை விரித்து, கிராம வாழ்க்கையின் சிறப்பே என்னவென்றால் என்று தொடங்கினேன். என் மனைவி குறுக்கே வந்தாள். "தனியா இருக்க இங்கன யாரு விடுவா? எதுத்த வீட்டுக்காரி இன்னும் கேள்வியே ஆரம்பிக்கல. சாப்பாடு நம்ம அடுப்புலதான். நீ நிம்மதியாப் போ."

அவள் மேலே போனாள். மாடி வராந்தாவில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், மெதுவாக, ஆனால் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்படி வந்தது. "அப்பா, கூப்பிட்டப்ப அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?"

நான் ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். பொய் சொல்வானேன், காதைத் தீட்டிக்கொண்டுதான் சாய்ந்தேன். அவர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் என் மனைவி எழுந்து வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.